கொல்லிமலையின் வேலியும் நரம்பின் கணக்கும்

கொல்லிமலையில் மரவள்ளி பயிரிடுகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், ஜவ்வரிசி ஆலைகள் தரும் விலைக்கு அடுத்தபடியாக வந்து நிற்பது காட்டுப்பன்றி. மரவள்ளி ஏறத்தாழப் பத்து மாதப் பயிர். அத்தனை மாதம் மண்ணுக்குள் பருத்த கிழங்கை ஒரு பன்றிக்கூட்டம் ஒரே இரவில் உழுதுபோட்டுவிட்டுப் போய்விடும். சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகளில் கடந்த சில பத்தாண்டுகளாக மரவள்ளி பரவிவிட்டது. காட்டின் ஓரத்திலேயே கிழங்கு விருந்தை விரித்து வைத்துவிட்டு, பன்றி வருகிறதே என்று வியப்பதில் பொருளில்லை. ஆனால், மரவள்ளியை நட்டவர் விருந்து வைப்பதற்காக நடவில்லை. கையில் காசு பார்க்க நட்டார்.

பன்றியைத் தடுக்க அவர் கையாளாத வழியில்லை. பரண் கட்டி இரவெல்லாம் விழித்திருப்பார். பழைய சேலைகளை வயலைச் சுற்றிக் கட்டுவார். பட்டாசு கொளுத்துவார். இவையெல்லாம் சில வாரங்கள் பலிக்கும். பிறகு பன்றிக்குப் பழகிப்போகும். அதன்பின் எஞ்சுவன இரண்டு கொடிய வழிகள். ஒன்று, வெடிமருந்தை இரையில் பொதிந்து வைக்கும் அவுட்டுக்காய். மற்றொன்று, வீட்டு இணைப்பிலிருந்தோ மின்கம்பத்திலிருந்தோ நேராக இழுத்து வயலைச் சுற்றி ஓடவிடும் கம்பி. தமிழகத்தில் ஆண்டு தவறாமல் நாளேட்டின் ஒரு மூலையில் வரும் 'மின்வேலியில் சிக்கி விவசாயி பலி' என்ற செய்திக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இந்தக் கம்பிதான். இறப்பவர் பல வேளைகளில் பக்கத்து வயல்காரர். சில வேளைகளில் கம்பி கட்டியவரே.

2023 மார்ச் மாதம் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இத்தகைய கம்பியில் மூன்று பெண் யானைகள் இறந்தன. உடன் வந்த இரண்டு குட்டிகள் தப்பித்து, தாய்களின் உடலைச் சுற்றிச் சுற்றி வந்த காட்சியை மாநிலமே பார்த்தது. அதே ஆண்டில் தமிழக அரசு மின்வேலிகளைப் பதிவு செய்யவும் ஒழுங்குபடுத்தவும் தனி விதிகளைக் கொண்டுவந்தது. காப்புக்காடுகளை ஒட்டிய பகுதிகளில் புதிதாக மின்வேலி போடுவதற்கு முன்அனுமதி வேண்டும். ஏற்கெனவே இருப்பவை பதிவு செய்யப்பட வேண்டும். யானைச் சிக்கல் தருமபுரி, கிருஷ்ணகிரி, கோவைப் பக்கத்தினுடையது என்றாலும், விதி பன்றிச் சிக்கல் உள்ள கொல்லிமலைக்கும் பொருந்தும். காப்புக்காடு இல்லாத பக்கம் இந்த மலையில் எங்கே இருக்கிறது?

நான் மின்பொறியியல் படித்தவன். ஆகவே, இந்த விவாதத்தில் ஒரு சொல் படுத்தும் பாட்டைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. 'மின்வேலி' என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு வேறு பொருள்களுக்குப் பயன்படுத்துகிறோம். ஒன்று ஆளைக் கொல்லும் 230 வோல்ட் கம்பி. மற்றொன்று சூரியத் தகட்டிலும் பன்னிரண்டு வோல்ட் பேட்டரியிலும் ஓடி, கம்பியில் 5,000 முதல் 8,000 வோல்ட் வரை ஏற்றும் துடிப்பு வேலி. முதலாவது கொல்கிறது, அதைப்போல் இருபது, முப்பது மடங்கு வோல்ட் உள்ள இரண்டாவது சுளீரென்று அடித்துவிட்டு விட்டுவிடுகிறது. இது எப்படி என்று கேட்காத விவசாயி இல்லை. அவருக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில் 'இது டி.சி. சார்' என்பது. அது சரியான பதில் அல்ல. சரியான பதில் நரம்பில் இருக்கிறது.

ஒரு நரம்பிழையின் சவ்வை ஓட்டைக் குடமாக எண்ணிக்கொள்ளலாம். குடம் விளிம்பு வரை நிரம்பினால் நரம்பு 'சுடும்'. அதாவது, செய்தி மூளைக்கோ தசைக்கோ பாயும். நிரம்பாவிட்டால் ஒன்றும் நடக்காது. மெல்லிய தாரையாக ஊற்றினால் ஊற்றுவதெல்லாம் ஓட்டை வழியாகவே போய்விடும். எத்தனை மணி நேரம் ஊற்றினாலும் குடம் நிரம்பாது. தடித்த தாரையாக ஊற்றினால் ஓட்டைக்கு நேரம் கிடைக்கும் முன்பே நிரம்பிவிடும். பிரான்சின் ஜார்ஜ் வைஸ் 1901-இல் இதை ஒரு எளிய சமன்பாடாக எழுதினார். அவர் நாட்டவரான லூயி லாபிக் 1909-இல் அதற்கு இரண்டு பெயர்கள் சூட்டினார். எவ்வளவு நேரம் பாய்ந்தாலும் நரம்பை எழுப்ப வேண்டிய மிகக் குறைந்த மின்னோட்டம் 'ரியோபேஸ்'. அதைப்போல் இரு மடங்கு மின்னோட்டம் கொடுத்தால் நரம்பு எழுவதற்கு ஆகும் நேரம் 'குரோனாக்சி'. தொடுகையையும் கூர்மையான வலியையும் விரைந்து கடத்தும், உறையுள்ள நரம்பிழைகளுக்கு இந்த நேரம் ஒரு மில்லி வினாடியில் பத்தில் ஒரு பங்கு என்ற அளவில் இருக்கும். இதயத் தசைக்கு அதைப்போல் பல மடங்கு நேரம் தேவை.

இந்த நேர வேறுபாட்டில்தான் துடிப்பு வேலியின் முழு இரகசியமும் அடங்கியிருக்கிறது. பத்தாயிரத்தில் ஒரு பங்கு வினாடி மட்டும் பாயும் மின்னோட்டம் தோலடி நரம்புகளை அலறவைக்கும். இதயத்துக்கோ அது குடத்தில் தெறித்த துளி. வீட்டு மின்சாரம் அப்படியல்ல. வினாடிக்கு ஐம்பது முறை ஏறி இறங்கும் அந்த அலையின் ஒரு பாதி மட்டுமே பத்து மில்லி வினாடி நீளம். அது நரம்பையும் எழுப்பும், தசையையும் இறுக்கும், இதயத்தின் தாளத்தையும் கலைக்கும்.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். ஈரத்தில் நிற்கும் ஒரு மனிதரின் உடல் தடை ஏறத்தாழ 1,000 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட் கம்பியைத் தொட்டவர் உடலில் 230 மில்லி ஆம்பியர் பாயும். பத்து மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே பலருக்குக் கைத்தசை இறுகி, பிடித்த கம்பியை விட முடியாமல் போகும். வினாடிக் கணக்கில் நீடித்தால் நூறு மில்லி ஆம்பியருக்குள்ளேயே இதயம் தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கிவிடலாம். உடலுக்குள் இறங்கும் ஆற்றல் வினாடிக்கு 53 ஜூல். விடுபடும் வரை அது இறங்கிக்கொண்டே இருக்கும்.

துடிப்பு வேலியின் பெரிய கருவி ஒன்று 500 ஓம் தடையில் 4,000 வோல்ட் கொடுக்கிறது என்று கொள்வோம். மின்னோட்டம் எட்டு ஆம்பியர்! முந்தையதைவிட முப்பத்தைந்து மடங்கு. கேட்டால் நடுங்கும். ஆனால், அது நீடிப்பது 0.1 மில்லி வினாடி. ஆற்றல் 3.2 ஜூல். பிறகு ஒரு வினாடிக்கு ஒன்றுமில்லை. அந்த ஒரு வினாடியில் கையை இழுத்துக்கொள்ளலாம், பன்றி பின்வாங்கிவிடலாம். துடிப்பின் வடிவம் என்று பேசும்போது அடிக்கும் நொடியை மட்டும் பார்க்கிறோம். இரண்டு அடிகளுக்கு நடுவே உள்ள வெறுமையும் அந்த வடிவத்தின் பகுதிதான். உயிரைக் காப்பதில் அதன் பங்கு குறைந்ததல்ல. மின்வேலிக் கருவிகளுக்கான பன்னாட்டுத் தரம் சொல்லும் எல்லைகளும் இவைதான்: வினாடிக்கு ஒரு துடிப்புக்கு மேல் கூடாது, ஒரு துடிப்பு பத்து மில்லி வினாடிக்கு மேல் நீளக் கூடாது, 500 ஓம் தடையில் ஒரு துடிப்பின் ஆற்றல் ஐந்து ஜூலைத் தாண்டக் கூடாது. இந்தியத் தரமும் இதை ஒட்டியதே.

உயிரைக் காக்கும் இதே குறுகிய துடிப்புதான் ஆற்றலையும் சேமிக்கிறது என்பது இயற்கை நமக்குச் செய்த சலுகை. வைஸின் சமன்பாட்டிலிருந்து இதை ஒரு தாளில் கணக்கிட்டுவிடலாம். நரம்பை எழுப்ப ஆகும் ஆற்றல், துடிப்பின் நீளம் சரியாகக் குரோனாக்சி அளவில் இருக்கும்போது மிகக் குறைவு. அதைப் பத்து மடங்கு நீட்டினால் மூன்று மடங்கு ஆற்றல் செலவாகும். பத்தில் ஒரு பங்காகக் குறைத்தாலும் அதே மூன்று மடங்கு. நூறு மடங்கு நீட்டினால், அதாவது வீட்டு மின் அலையின் ஒரு பாதியளவுக்கு நீட்டினால், ஏறத்தாழ 25 மடங்கு. அதே வலியை உண்டாக்க, இருபத்தைந்து மடங்கு விரயம்.

சமவெளியில் பம்புசெட்டுக்கு 1990 முதல் இலவச மின்சாரம். அங்கே மின்சாரத்தின் விரயத்தை எவரும் கணக்குப் பார்ப்பதில்லை; கம்பத்திலிருந்து இழுக்கும் கம்பிக்கு அதுவும் ஒரு தூண்டுதல் என்பதை நாம் வெளிப்படையாகப் பேசுவதில்லை. மலையில் சூரியத் தகட்டை நம்பும் வேலிக்கு ஒவ்வொரு ஜூலும் கணக்கு. பன்னிரண்டு வோல்ட், ஏழு ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 84 வாட்-மணி. துடிப்புக்கு அரை ஜூல் அனுப்பி, கருவிக்குள் அதே அளவு இழக்கும் ஒரு சிறு கருவிக்குச் சராசரியாக ஒரு வாட் போதும். பேட்டரி கெடாமலிருக்க அதில் பாதியை மட்டும் செலவழித்தால் நாற்பது மணி நேரம் ஓடும். வடகிழக்குப் பருவமழையில் கொல்லிமலையில் மூடுபனி இறங்கினால், செம்மேட்டுச் சாலையில் பத்தடிக்கு அப்பால் வருகிற பேருந்து தெரியாது. தொடர்ந்து மூன்று நாள் வெயில் இல்லாவிட்டால், துடிப்பை வீணாக நீட்டும் மலிவான கருவி நடுஇரவில் அடங்கிவிடும். பன்றி அதைத் தெரிந்துகொள்ள நெடுநேரம் ஆகாது.

துடிப்பின் நீளத்தைக் கடந்து அதன் வடிவத்தையே ஆராய்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் அக்கறை வேலி அல்ல, மனித உடல். பார்க்கின்சன் நோய்க்காக மூளையின் ஆழத்தில் மின்முனை பொருத்தி, மார்புத்தோலுக்கு அடியில் பேட்டரி வைத்து, வினாடிக்கு நூற்றுக்கு மேற்பட்ட துடிப்புகளை அனுப்புகிறார்கள். மறுமின்னேற்றம் செய்ய முடியாத பேட்டரி சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும். மாற்ற மறுபடி அறுவை. அங்கே ஆற்றலைச் சேமிப்பது என்றால் ஒரு கத்திவெட்டைத் தள்ளிப்போடுவது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வாரன் கிரில்லும் அவருடைய மாணவரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், எந்த வடிவம் சிறந்தது என்பதைத் தாங்கள் ஊகிக்காமல் கணினியிடமே விட்டார்கள். வடிவங்களைத் தோராயமாகப் பிறப்பித்து, சிக்கனமானவற்றை மட்டும் இணைத்து, அடுத்த தலைமுறையை உண்டாக்கும் முறை அது; பரிணாமத்தைக் கணினிக்குள் ஓடவிடுவது. எத்தனை முறை ஓடவிட்டாலும் கடைசியில் எஞ்சியது ஒரே வடிவம்: பொறியாளர்கள் பழக்கத்தால் பயன்படுத்திவந்த செவ்வகம் அல்ல, இரு பக்கமும் வெட்டப்பட்ட மணி போன்ற வளைவு. பூனையின் கால் நரம்பிலும் சோதித்தார்கள். வழக்கமான வடிவங்கள் பலவற்றைவிட அதுவே சிக்கனமாக இருந்தது. மிக மெதுவாக ஏறும் மின்னோட்டத்துக்கு நரம்பு பழகிக்கொண்டுவிடும். சுட்டபின் பாய்வதோ வீண். இந்த இரண்டுக்கும் இடையே ஒரு நடுவழி அந்த மணி.

மின்னதிர்ச்சி மருத்துவத்தின் வரலாறும் இதே பாதையில் போயிருக்கிறது. 1938-இல் ரோமில் செர்லெத்தியும் பினியும் தொடங்கியபோது பயன்பட்டது சுவரிலிருந்து வரும் அலைமின்சாரம். இன்றைய கருவிகள் ஒரு மில்லி வினாடியும் அதற்குக் குறைவுமான துடிப்புகளைத் தருகின்றன. மிகக் குறைந்த மின்னூட்டம் போதும், நினைவிழப்பும் குறைவு. மூளைக்கு நாம் கைவிட்ட அலையை வயல் வரப்பில் இன்னும் ஓடவிட்டுக்கொண்டிருக்கிறோம்.

வேலிக்கு மணி வடிவம் தேவையா? என் கணிப்பில் தேவையில்லை. வேலியில் வடிவத்தால் கிடைக்கும் சேமிப்பு, நீளத்தைச் சரியாக வைப்பதால் கிடைக்கும் சேமிப்புக்கு முன் சிறியது. ஈரமான கம்பியும் களைச்செடியும் எந்த அழகிய வளைவையும் கலைத்துவிடும். இந்தக் களைச் சிக்கலுக்கும் குறுகிய துடிப்பே மருந்தானது. 1930-களில் நியூசிலாந்தில் பில் கலேகர் தொடங்கிவைத்த பழைய வேலிகள், புல் உரசினாலே மின்சாரம் கசிந்து செத்துப்போகும். 1962-இல் அதே நாட்டில் டக் பிலிப்ஸ் என்பவர் மின்தேக்கியில் சேர்த்த ஆற்றலை ஒரே கணத்தில் கம்பியில் கொட்டும் கருவியை அமைத்தார். கசிவு தின்பதற்குள் அடி விழுந்துவிடும். ஓட்டைக் குடத்தின் அதே தத்துவம், இம்முறை கம்பியில். இன்று நம் சந்தையில் விற்கும் கருவிகளின் தாத்தா அதுதான்.

இவ்வளவையும் நான் வாழவந்திநாட்டுப் பக்கம் ஒரு பெரியவரிடம் எளிமைப்படுத்திச் சொல்லிப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "நீங்க சொல்றது சரிதாங்க. இந்தக் கம்பி அடிச்சா ஓடுது, அந்தக் கம்பி அடிச்சா விழுது. ஓடினது மறுபடி வரும். விழுந்தது வராதுங்க."

இந்த வாதத்தைச் சட்டப் பிரிவுகளைக் காட்டி ஒதுக்கிவிட முடியாது. விழுந்த பன்றி இறைச்சியாகிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. கம்பிகளில் ஒரு பகுதி பயிரைக் காக்க அல்ல, வேட்டைக்கே கட்டப்படுகிறது. ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் வீழ்த்தினான் என்ற புறநானூற்றுச் செய்தியைக் கொண்டாடி ஆண்டுதோறும் ஆடியில் செம்மேட்டில் விழா எடுக்கிறோம். ஆனால், ஓரி குறி பார்த்து எய்தான். கம்பிக்குக் கண் இல்லை. விடியற்காலையில் வரப்பில் நடக்கும் சிறுவனையும் பன்றியையும் அது ஒன்றாகவே பார்க்கும். மேலும், ஒரு பன்றி விழுந்தால் இடம் காலியாவதில்லை. ஓர் ஈற்றில் நான்கைந்து குட்டி போடும் விலங்கு அது. காலி இடத்துக்குப் பக்கத்துக் கூட்டம் வரும். வேலியில் அடி வாங்கி, அந்த வயலை அஞ்சக் கற்றுக்கொண்ட பன்றி, அந்த வகையில் விவசாயிக்குப் பயனுள்ள பன்றி. செத்த பன்றி எதையும் தன் குட்டிகளுக்குக் கற்றுக்கொடுப்பதில்லை.

2025 ஜனவரியில் வனத்துறை அமைச்சர் சட்டப்பேரவையில் வேறொரு வழியை அறிவித்தார். காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை பன்றியைச் சுட அனுமதியில்லை. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். சமவெளி மாவட்டங்களுக்கு இது ஓரளவு பயன்தரக்கூடும். காடும் வயலும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கும் கொல்லிமலையில், காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி நிற்கும் பன்றியை எங்கே போய்த் தேடுவது? பிடித்துக் காட்டில் விட்டால் அது திரும்பி வர ஓர் இரவு போதும். ஆகவே, இந்த மலைக்கு எஞ்சுவது வேலிதான். எந்த வேலி என்பதே கேள்வி.

வேளாண் பொறியியல் துறை மானியத்துடன் சூரிய மின்வேலி அமைத்துத் தரும் திட்டம் இருக்கிறது. விதியும் இருக்கிறது, மானியமும் இருக்கிறது. இடையில் இல்லாதது சோதனை. சந்தையிலும் இணையத்திலும் 'ஜட்கா மெஷின்' என்ற பெயரில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கருவிகள் குவிந்து கிடக்கின்றன. பெட்டியின் மேல் பத்தாயிரம் வோல்ட், இருபது ஏக்கர் என்று அச்சிட்டிருக்கும். துடிப்பின் நீளம், ஆற்றல், இடைவெளி ஆகிய மூன்றும், உயிரைத் தீர்மானிப்பவை, பல பெட்டிகளில் இருக்காது. வாங்குகிறவர் கண்ணால் அதைப் பார்க்க முடியாது. விரலால் தொட்டுப் பார்ப்பதும் பயனற்றது. சுளீர் என்றால் நல்லது என்றுதான் அவர் நினைப்பார். கருவி பழுதாகி வினாடிக்கு ஒன்றுக்குப் பதில் பத்து துடிப்பை அனுப்பத் தொடங்கினால், அதே பெட்டி கொலைக்கம்பிக்கு நெருங்கிவிடும். பேட்டரி இறங்கியதும் வீட்டு இணைப்பை நேராகக் கம்பியில் மாட்டிவிடும் வழக்கமும் உண்டு. பதிவு விதி இதைத் தாளில் தடுக்கும். மழை இரவில் தடுக்காது.

500 ஓம் தடை ஒன்றும் அலைக்காட்டி ஒன்றும் இருந்தால் ஒரு கருவியைப் பதினைந்து நிமிடங்களில் சோதித்துவிடலாம். உயர் அழுத்தத்தைத் தாங்கும் தடையும் அளவுக்கம்பியும் வேண்டும், அவ்வளவுதான். சேலத்தில் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. சேலம், நாமக்கல் மாவட்டங்களில் தனியார் கல்லூரிகளுக்கும் பாலிடெக்னிக்குகளுக்கும் பஞ்சமில்லை. அங்கெல்லாம் மூன்றாமாண்டு மாணவர்கள் மின்தேக்கி மின்னிறங்கும் வளைவை மதிப்பெண்ணுக்காக வரைந்துகொண்டிருக்கிறார்கள். அதே வளைவை ஒரு விவசாயியின் பெட்டியிலிருந்து எடுத்து, இது தரத்துக்குள் இருக்கிறதா என்று முத்திரை இடும் பொறுப்பை அரசு அவர்களிடம் ஒப்படைக்கலாம். பதிவுக்கு அந்த முத்திரையைக் கட்டாயமாக்கலாம். தண்டனை என்று வந்தால் அது கருவியை வாங்கியவரிடமிருந்து அல்ல, தரமில்லாத பெட்டியை விற்றவரிடமிருந்து தொடங்க வேண்டும்.

வேலி போட்டபின் அது வேலையாகவே தொடரும் என்பதையும் மானியக் கணக்கு மறந்துவிடுகிறது. பன்றிக்குக் கீழ்க்கம்பி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்க வேண்டும். அதன் உடல்மயிர் மின்சாரத்தை எளிதில் விடாது. ஈரமான மூக்கில் பட்டால்தான் அடி உறைக்கும். மூக்கில் பட்டால் பின்வாங்கும். காதுக்குப் பின்னால் பட்டால் முன்னோக்கிப் பாய்ந்து வயலுக்குள்ளேயே வந்துவிடும். ஒரு சாண் உயரத்துக் கம்பியை மழைக்காலத்தில் புல் பத்து நாளில் தொட்டுவிடும். கோடையில் பாறை மண் காய்ந்து, நிலத்தொடர்புக் கம்பி வேலை செய்யாது. ஒரு தனி விவசாயியால், அதுவும் மனைவி மட்டும் வயலில் இருக்க ஆண்கள் கீழே வேலைக்குப் போய்விடும் குடும்பத்தால், இதைப் பேண முடியாது.

இதைவிடக் கடினமான சிக்கல் ஒன்று உண்டு. வேலி பன்றியைக் குறைப்பதில்லை, திருப்பிவிடுகிறது. மானியத்தில் தன் பங்கைச் செலுத்த முடிந்தவர் வயலிலிருந்து, முடியாதவர் வயலுக்கு. அந்தக் கடைசி வயல்காரர்தான் கம்பத்திலிருந்து கம்பி இழுப்பார். தனித்தனி வயலுக்கு மானியம் தருவது, அறியாமலேயே, கொலைக்கம்பிக்கு ஆள் சேர்ப்பது போலாகிவிடுகிறது. கொல்லிமலையின் ஊராட்சிகள் இன்னும் நாடு என்ற பெயரையே தாங்கி நிற்பவை: வாழவந்திநாடு, குண்டூர்நாடு, அரியூர்நாடு, வளப்பூர்நாடு. ஒரு சரிவின் வயல்களை எல்லாம் சேர்த்து ஒரே வேலி, அதற்கு ஒரு நல்ல கருவி, களை எடுக்கவும் வோல்ட் அளக்கவும் கூலியோடு இரண்டு பேர் என்று ஊராட்சி அளவில் மானியத்தை மாற்றி அமைத்தால் செலவும் குறையும். நூறு சிறு வேலிகளின் சுற்றளவைவிட ஒரு பெரிய வேலியின் சுற்றளவு மிகக் குறைவு. விலங்குகள் நீருக்கு இறங்கும் தடங்களை எங்கே திறந்துவிடுவது என்பதையும் வனத்துறை அப்போது ஒரே வரைபடத்தில் பேசி முடிக்கலாம். நூறு வேலிக்கு நூறு அனுமதி என்றால், இப்போது நடப்பதுபோல், எவரும் கேட்காமலேயே கட்டுவார்கள்.

மின்வாரியத்துக்கும் ஒரு சிறு வேலை இருக்கிறது. கசிவு மின்னோட்டம் 30 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.டி. கருவி வீட்டு இணைப்பில் இருந்தால், அதிலிருந்து இழுக்கும் கொலைக்கம்பி புல்லில் கசிந்தவுடனேயே அணைந்துவிடும். மலைக் கிராமங்களின் பழைய இணைப்புகளில் அரசுச் செலவில் அதைப் பொருத்தலாம். கம்பத்தில் கொக்கி போடுகிறவரை அது தடுக்காது. வீட்டுச் சுவரிலிருந்து இழுக்கிறவரைத் தடுக்கும். மரவள்ளி கிழங்கு வைக்கத் தொடங்கும் மாதங்களுக்கு முன்பே இந்தப் பணி முடிய வேண்டும், ஏனென்றால் பன்றி இறங்குவது அப்போதுதான்.